நுனி வளைந்த அன்று நான் கேக் வாங்கினேன்

சரி, என் ஆய்வுக்காக நுனி வளையும் ஒரு சத்திரசிகிச்சைக் கருவி செய்யப் போன கதை இது, முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 14 மாதம். 4 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவும் சில்லறையும். அதில் ஒரு இலட்சம் அம்மாவின் காப்பை அடகு வைத்து வந்தது, மீட்க மேலும் ஆறு மாதம் போனது. கையில் மிஞ்சியது ஒரு பிஸ்கட் டின் நிறைய வளையங்களும் கம்பித் துண்டுகளும், நுனி மட்டும் அழகாக வளைகிற ஒரு குச்சியும். இத்தனை நாளும் மட்டக்களப்பில், கல்லடி வீட்டு அறைக்குள் நான் தனியாகத்தான் இருந்தேன். ஆய்வை மேற்பார்வை செய்தவர் வெளிநாட்டில், மாதம் ஒருமுறை சூமில் 20 நிமிடம், அதுவும் கரண்ட் இருந்தால். யாராவது ஒருவர் ஆரம்பத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து "பிள்ள, இந்த இடத்தில கவனம்" என்று சொல்லியிருந்தால் பாதிக் காசாவது மிஞ்சியிருக்கும். எனக்குப் பிறகு இதில் இறங்கப்போகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் செய்யப் போனது, லப்பரஸ்கோப்பி சத்திரசிகிச்சைக்கு நுனி வளையும் ஒரு கைக்கருவி. தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். வயிற்றைக் கிழிக்காமல் 5 அல்லது 10 மில்லிமீற்றர் துளை போட்டு, ட்ரோகார் என்ற குழாயைச் செருகி, காபனீரொட்சைட்டு வாயுவை ஊதி வயிற்றை உப்பவைத்து, அந்தக் குழாய் வழியாக நீளமான மெல்லிய கருவிகளை விட்டு வேலை செய்வார்கள். அந்தக் கருவி ஒரு நேரான குச்சி. துளையில் அது மாட்டிக்கொண்டு நிற்பதால் கை வலப்பக்கம் போனால் உள்ளே நுனி இடப்பக்கம் போகும். எங்கள் வாவியில் எஞ்சின் தோணி ஓட்டுபவர்களுக்கு இது விளங்கும், பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் தோணியின் தலை மற்றப் பக்கம் கிறுகும். மேல் கீழ், இடம் வலம், உள்ளே வெளியே, அப்புறம் தன் அச்சில் சுழலுதல், இந்த நாலு அசைவுதான் அந்தக் குச்சிக்கு. நம் மணிக்கட்டு செய்கிற வேலையைச் செய்ய அதனால் ஏலாது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி ரோபோ அந்த மணிக்கட்டைக் கருவியின் நுனிக்குக் கொண்டுபோனது, ஆனால் அது கோடிக்கணக்கில் விலை. எனக்கு வந்த ஆசை, மோட்டார் இல்லாமல் கைப்பிடியில் கம்பியை இழுத்து அதே வேலையைச் செய்கிற, 5 மில்லிமீற்றர் துளைக்குள் போகிற, மலிவான ஒன்று. இரைப்பைக்குள் விட்டுப் பார்க்கிற கமராக் குழாயான எண்டோஸ்கோப்பின் நுனி 4 கம்பியையும் 2 சக்கரத்தையும் வைத்துக்கொண்டு மேல்நோக்கி 210 பாகை வரை வளைகிறதே, இது ஏன் ஏலாது என்று நினைத்தேன். பேராசை வேறு. நுனி மட்டுமல்ல, கைப்பிடிக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கிற நீளமான தண்டும் வளைய வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன்.

2021 நவம்பரில் தொடங்கினேன். ஒரு பழைய முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கி, 15 மில்லிமீற்றர் விட்டத்தில் பிளாஸ்டிக் வளையங்கள் அச்சடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நாலு பக்கமும் நைலோன் தங்கூசி கோத்து இழுத்தேன். இரண்டே கிழமையில் வளைந்தது! வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன், சித்தப்பா கனடாவிலிருந்து கோல் எடுத்து "விஞ்ஞானி" என்றார், டவுனுக்குப் போய் ஒரு கேக் வாங்கி வந்தேன். அன்று இரவு படுக்கும்போது இன்னும் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் தங்கூசி தொய்ந்துபோய் நுனி தலையைத் தொங்கப்போட்டிருந்தது. நைலோன் இழுவையில் நீண்டுகொண்டே போகும், அது எல்லா மீன்காரனுக்கும் தெரியும், எனக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய ஏமாற்று அந்த 15 மில்லிமீற்றர். விட்டத்தை மூன்றில் ஒன்றாக்கினால் வளைவுக்கு எதிரான விறைப்பு 81இல் ஒன்றாகிவிடும், ஏனென்றால் அது விட்டத்தின் நாலாம் அடுக்கோடு போகிறது. பெரிய மாதிரியில் உறுதியாக நின்றது சின்னதில் அவித்த இடியப்பம் மாதிரி இருக்கும். பெரிதாகச் செய்துபார்ப்பது கூடாது என்று சொல்லவில்லை, கை பழகும், கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் காணலாம். ஆனால் அதன் பலத்தையும் உராய்வையும் வைத்து ஒரு ரூபாகூடச் செலவழிக்கும் முடிவை எடுக்காதீர்கள். நான் அதை வைத்துத்தான் நிட்டினோல் கம்பிக்கு ஓடர் போட்டேன்.

நிட்டினோல் என்பது நிக்கலும் தைத்தேனியமும் கலந்த உலோகம். சரியான வகையாக இருந்தால் 6, 8 சதவீதம் வரை வளைத்து நீட்டினாலும் விட்டதும் பழையபடி நேராகிவிடும், சாதாரண உருக்கை அந்த அளவுக்கு வளைத்தால் நிரந்தரமாகக் கோணிவிடும். வளையங்களின் நடுவே முதுகெலும்பாக அதைப் போட்டால் கம்பியை விட்டவுடன் நுனி தானாக நிமிரும் என்பது யோசனை. 2022 பெப்ரவரியில் இணையத்தில் ஒரு விற்பனையாளரைப் பிடித்து 20 மீற்றருக்குப் பாதிக் காசு கட்டினேன், அப்போது டொலர் 200 ரூபாவுக்குக் கிட்ட. மிச்சத்தை அனுப்புவதற்கு முன்பு கட்டச் சொன்னார்கள். அந்த மிச்சம் கட்டும்போது ஏப்ரல், டொலர் 300ஐத் தாண்டிவிட்டது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, அச்சு இயந்திரம் பாதியில் நின்று நின்று ஒரு கூடை பிளாஸ்டிக் குப்பையானது. அதெல்லாம் அந்த வருடப் பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் எல்லாருக்கும் வந்த கஷ்டம், அதை விடுவோம். மே மாதம் பார்சல் வந்தது. ஆசையாகப் பிரித்து ஒரு துண்டை வளைத்தேன். வளைந்தது. விட்டேன். வளைந்தபடியே கிடந்தது. இன்னொரு துண்டு, அதுவும் அப்படியே, பிணைக் கம்பி மாதிரி. மேசையில் தலையை வைத்துக்கொண்டு இருந்தபோது அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், ஏதோ ஒரு எரிச்சலில் அந்தக் கம்பியைக் கோப்பைக்குள் போட்டேன். கோப்பையிலிருந்து அது நிமிர்ந்து எழும்பியது, ஊசி மாதிரி நேராக. அம்மா "ஐயோ, பூச்சி!" என்று இரண்டடி பின்னால் போனார்.

அப்போதுதான் படித்தேன். நிட்டினோலில் ஒரு வகை குளிரில் மெதுமையாக இருந்து சூட்டில் பழைய வடிவத்துக்கு வரும், மற்றது இருக்கிற வெப்பநிலையிலேயே ரப்பர் மாதிரி துள்ளும். உலோகம் ஒன்றுதான், உருமாற்றம் முடிகிற வெப்பநிலைதான் வேறு. எனக்கு வந்தது சூடாக்கினால் வேலை செய்கிற வகை. விற்பனையாளரைக் குறை சொல்லவும் ஏலாது, நான் அந்த வெப்பநிலையைக் கேட்கவே இல்லை, விட்டமும் நீளமும் மட்டும்தான் எழுதி அனுப்பினேன். போனது 62 ஆயிரம். ஆகவே நிட்டினோல் வாங்கும்போது உருமாற்றம் முடியும் வெப்பநிலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள், அது கருவி வேலைசெய்யும் இடத்தின் வெப்பநிலையைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும், முதலில் ஒரே ஒரு மீற்றர் எடுத்துப் பாருங்கள். இதில் இன்னொரு நுணுக்கம், உடம்புக்குள் 37 பாகை, மட்டக்களப்பில் என் அறை 32, ஆனால் சத்திரசிகிச்சைக்கூடத்தில் ஏசி போட்டு 20 பாகைக்குக் கிட்ட இருக்கும். நம் மேசையில் துள்ளுகிற கம்பி அங்கே தட்டில் சோர்ந்து கிடக்கலாம்.

அடுத்தது வளையங்கள். 5 மில்லிமீற்றர் விட்டத்தில் துருப்பிடிக்காத உருக்கு வளையம் 12, ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீற்றர் துளை நாலு. படத்தைக் கொண்டுபோய்க் காத்தான்குடியில் ஒரு லேத் பட்டறையில் காட்டினேன். பட்டறைக்காரக் காக்கா (அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது) கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, என்னைப் பார்த்து, "தங்கச்சி, நுளம்பு மூக்குல ஓட்ட போடச் சொல்றீங்களா?" என்றார். ஆனாலும் செய்தார், பாவம். அரை மில்லிமீற்றர் துளைக்கோல் உருக்கில் படும்போது ஒரு சத்தமும் இல்லாமல் முறியும், முறிந்தது துளைக்குள்ளேயே இருக்கும், அந்த வளையம் அத்தோடு போச்சு. 31 துளைக்கோல் முறிந்தது, மூன்று மாதம் போனது, கிடைத்த 12 வளையத்தில் 5 வளையங்களின் துளைகள் ஒரே நேரில் இல்லை. காக்கா கூலியில் பாதிதான் எடுத்தார், மிச்சத்தை "படிக்கிற பிள்ள" என்று விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பால் பிரேட்வெல்ட் என்பவரின் குழு இதே சிக்கலைப் பல வருடத்துக்கு முன்பே வேறு வழியால் தாண்டியிருக்கிறது. கணவாயின் கையைப் பார்த்து எடுத்த யோசனை. துளையே போடுவதில்லை, கம்பிகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வட்டமாக அடுக்கி, உள்ளே ஒரு சுருள்வில், வெளியே ஒரு சுருள்வில், இரண்டுக்கும் நடுவில் அந்தக் கம்பி வட்டம். ஒவ்வொரு கம்பியையும் பக்கத்துக் கம்பிகளே விலகாமல் பிடித்துக்கொள்ளும். கிழமைக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் கணவாய்க் கறி, நான் அதைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு லேத் பட்டறைக்குப் போய்த் துளை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் மாதம் முழுக்க வெறும் வாசிப்புக்கு ஒதுக்கியிருந்தால் இந்த மூன்று மாதம் தேவையே இல்லை. அடுத்தது, படம் வரைவதற்கு முன்பு பட்டறைக்குப் போய் "உங்களால் ஆகச் சின்னதாக எவ்வளவு துளை போட ஏலும்" என்று கேளுங்கள், அந்தப் பதிலிலிருந்து வடிவமைப்பைத் தொடங்குங்கள்.

ஓகஸ்ட் கடைசியில் எல்லாம் கோத்தேன். தங்கூசிக்குப் பதில் 7 இழை 7 புரியாக முறுக்கிய மெல்லிய உருக்குக் கம்பி. நேராகப் பிடித்தால் நன்றாக வளைந்தது. தண்டைக் கொஞ்சம் வளைத்ததும் இரண்டு பிசாசு ஒன்றாக வந்தது. கைப்பிடியைத் திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று நுனி குதிக்கும். அதோடு, நான் கைப்பிடியைத் தொடாமல் தண்டை மட்டும் வளைத்தாலே நுனி தன்பாட்டில் வேறு பக்கம் கிறுகும். உள்ளே ஈரல் பக்கத்தில் இருக்கும்போது இது குதித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த நேரம் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்குத் திரும்பியிருந்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பா தன் பழைய லுமாலாவைத் தூசு தட்டி எடுத்து முற்றத்தில் பிரேக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். நான் என் குச்சியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "மகள், இதுல கவரக் காணல்லயே? கம்பிக்குக் கவர் இல்லாட்டி ஹேண்டில் கிறுகக்குள்ள பிரேக் தன்பாட்டுல பிடிக்கும். மறுகா ஒவ்வொரு வளைவுலயும் கம்பி தின்னும், அதுக்குத்தான் நான் எண்ணெய் விடுறன்." நாலு வருடம் பொறியியல் படித்தவள் நான்.

அவர் சொன்ன இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. கம்பி நடு அச்சிலிருந்து 2 மில்லிமீற்றர் தள்ளி ஓடுகிறது என்று வையுங்கள். தண்டு 90 பாகை வளைந்தால் அந்தப் பக்கக் கம்பிக்கு வேண்டிய நீளம் 3.1 மில்லிமீற்றர் மாறும். நுனியை 90 பாகை வளைக்க நான் இழுக்க வேண்டியதும் அதே 3.1 மில்லிமீற்றர்தான், அதனால் தண்டு வளைவதும் நான் இழுப்பதும் நுனிக்கு ஒன்றாகத்தான் தெரியும். கம்பியை அதற்கென்ற உறைக்குள் விட்டால், அல்லது தண்டுக்குள் நடு அச்சோடு கொண்டுபோனால், இது அடங்கும். உராய்வுக்குச் சூத்திரம் கப்பல் கயிற்றைத் தூணில் சுற்றுகிற அதே சூத்திரம். தண்டு 90, நுனி 90, மொத்தம் 180 பாகை வளைவு என்றால், உராய்வுக் குணகம் 0.1 ஆனால் கைப்பிடிப் பக்கம் 1.37 மடங்கு இழுக்க வேண்டும், 0.2 ஆனால் 1.87 மடங்கு, 0.3 ஆனால் 2.57 மடங்கு. வளைவு எவ்வளவு பெரிய வட்டம் என்பது அந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை, மொத்தக் கோணம் மட்டும்தான். பெரிய வட்டமாக வளைத்தால் உராய்வு குறையும் என்று நான் இரண்டு கிழமை தண்டை நீட்டிக்கொண்டிருந்தது சுத்த வீண். டெஃப்ளோன் குழாய் உள்ளே போட்டதும் குதிப்பு பாதிக்குமேல் அடங்கியது. தொய்வும் அப்படித்தான், 0.1 மில்லிமீற்றர் தொய்வு நுனியில் கிட்டத்தட்ட 3 பாகை செத்த அசைவு. இறுக்கத்தைச் சரிசெய்ய ஒரு திருகாணியை முதல் நாளே படத்தில் வையுங்கள், கடைசியில் இடம் இருக்காது.

ஒக்டோபரில் எங்கள் பக்கத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் கொண்டுபோனேன். இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும், வெட்கத்தில் "முழுசா முடிஞ்சாப் பிறகு காட்டுவம்" என்று ஒத்திப்போட்டேன். அவர் கையில் வாங்கி நுனியை வளைத்தார், நல்லா இருக்கு என்றார். பிறகு வளைந்த நுனியைத் தன் சுட்டுவிரலால் மெல்லத் தள்ளினார். அது சொன்னபடி விலகிக்கொடுத்தது. "இத வச்சு நான் ஒண்டையும் தூக்க ஏலாதே பிள்ள. ஊசிய எப்பிடித் தசைக்குள்ள தள்ளுற?" அவ்வளவுதான், பத்து நிமிடம். வீட்டுக்கு வந்து வலைக்குப் போடுகிற ஈயக்குண்டு 200 கிராமை நுனியில் தொங்கவிட்டேன், 11 மில்லிமீற்றர் கீழே போனது. கணக்கும் அதையேதான் சொன்னது. வளையும் பகுதி 40 மில்லிமீற்றர், கம்பி 2 மில்லிமீற்றர் தள்ளி, ஆக 200 கிராமைத் தூக்கக் கம்பியில் 4 கிலோ இழுவை வேண்டும், உராய்வையும் சேர்த்தால் 7 கிலோவுக்கு மேல். கட்டைவிரலால் அதை ஒரு மணித்தியாலம் திரும்பத் திரும்ப இழுக்க முடியுமா? எண்டோஸ்கோப் நுனி 210 பாகை வளையலாம், அதன் முக்கிய வேலை பார்ப்பது. நான் செய்ய நினைத்தது பிடித்து இழுக்க வேண்டும். இந்த வித்தியாசம் பன்னிரண்டாவது மாதம்தான் என் தலைக்குள் ஏறியது. முதல் பிளாஸ்டிக் மாதிரியிலேயே ஒரு ஈயக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தால் கேக் வாங்கியிருக்க மாட்டேன்.

கடைசி அடி டிசம்பரில். அதே நிபுணர் "கிருமிநீக்கப் பகுதி சிஸ்டரிட்டயும் ஒருக்கா காட்டுங்க" என்று அனுப்பினார். அந்த சிஸ்டர் குச்சியை வெளிச்சத்தில் பிடித்து, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் நகத்தை விட்டுப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுக்குள்ள ரத்தம் போனா எப்படிக் கழுவுற மகள்?" என்னிடம் பதில் இல்லை. கைப்பிடி என்ன பிளாஸ்டிக் என்றும் கேட்டார். நான் அச்சடித்த பிளாஸ்டிக் 60 பாகையிலேயே இளகத் தொடங்கும், அவருடைய நீராவி இயந்திரம் 134 பாகை. சிரிக்கக்கூட இல்லை, அந்த மரியாதைக்கு நன்றி. சின்ன இடுக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு உலகத்தில் உதாரணம் இருக்கிறது, பித்தக்குழாய்க்கு விடுகிற ஒருவகை எண்டோஸ்கோப்பின் நுனியில் ஒரு சிறு தூக்கியின் இடுக்கைச் சரியாகக் கழுவ முடியாமல் நோயாளிகளுக்கு மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றி, 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. அது பெரிய கொம்பனிகள் செய்த கருவி. இதில் இறங்குபவர்கள் டொக்டரைப் பார்ப்பதற்கு முன்பே அந்த சிஸ்டரைப் பாருங்கள். ஒரு முறை பாவித்து எறிவதா, கழற்றிக் கழுவுவதா என்பதை முடிவெடுக்காமல் ஒரு கோடுகூட வரையாதீர்கள், வளையத்தின் வடிவமே அதைப் பொறுத்து மாறும். ஆளின் உடம்பில் வைக்கிற எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி ஒரு பக்கம், இலங்கையின் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிற தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இன்னொரு பக்கம். தனியாள் ஒருத்தியின் அறைக்குள் முடிகிற விஷயம் இல்லை அது.

2023 சனவரியில் ஆய்வின் தலைப்பையே மாற்றினேன். தண்டு வளைய வேண்டாம், நேராகவே இருக்கட்டும். நுனி ஒரே தளத்தில் மட்டும் வளையட்டும், விட்டம் 8 மில்லிமீற்றர் ஆகட்டும், நோயாளி இல்லை, டொக்டர்மார் கை பழகுகிற பயிற்சிப் பெட்டிக்குள் மட்டும். அதில் கம்பி உராய்வை அளந்து எழுதினேன். அப்பாவின் சைக்கிள் உறை, டெஃப்ளோன் குழாய், வெறும் உருக்குக் குழாய் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு அதிகாரம். அதற்கு ஆன செலவு 38 ஆயிரம், காலம் ஏழு மாதம், ஏற்றுக்கொண்டார்கள். 8 மில்லிமீற்றரில் ஈயக்குண்டு 3 மில்லிமீற்றர்தான் இறங்குகிறது. அதைப் பெருமையாகச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் சொல்கிறேன்.

தேத்தண்ணிக்குள் நிமிர்கிற அந்தக் கம்பி இன்னும் 17 மீற்றர் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருவேன். போன மாதம் காத்தான்குடிப் பக்கம் போனபோது காக்காவின் பட்டறையில் எட்டிப் பார்த்தேன். அந்த முறிந்த துளைக்கோல்களை ஒரு ஜாம் போத்தலில் போட்டு மேசையில் வைத்திருக்கிறார். சின்ன வேலைக்கு வந்து விலை பேசுகிறவர்களுக்கு அந்தப் போத்தலைத்தான் முதலில் குலுக்கிக் காட்டுகிறாராம்.